இந்த மாத வாசிப்பு

புளியந்தீவில் நாய்களுக்கு என்னைத் தெரியும்.
கச்சேரியடி, கோர்ட்டடி, கோவில் மதிலோரம்
காலை பத்து மணிக்கு ஆட்களை விடக்
கோப்புகள் கூடுதலாய் நடமாடும்.
நாலரைக்குப் பிறகு தீவு வாயை மூடிவிடும்,
வாவி மட்டும் படிக்கட்டை நக்கும்.
மிஸ் ஒலிவ் வீட்டுக் கேற்றை மூன்று தரம் தட்டினேன்.
பதினெட்டு யூனிட்.

பாலம் தாண்டினால் கோட்டமுனை.
ஹோர்ன், பாங்க், மருந்துக்கடை,
டியூட்டரிக்கு மேல் டியூட்டரி, அதற்கும் மேல் பல்லு டொக்டர்.
ஒரே படியடியில் பதினாலு மீட்டர்,
ஒன்றைப் பார்த்து ஒன்று ஓடும் சில்லுகள்.
"அண்ணே, வேகமா ஓடுறது எங்கட சேர்ர வகுப்பா?"
"இல்ல தம்பி, கீழ ஐஸ்கிறீம்."

காத்தான்குடியில் பகலில் பார்ப்பது பாதிக் கணக்கு.
இஷாவுக்குப் பிறகுதான்
பேரீச்ச மரங்களுக்குக் கீழே கடைகள் கண் திறக்கும்.
உள் ஒழுங்கையில் சரிந்து சரிந்து போனால்
ஜெஸீமா தாத்தாவின் ஆறு தையல் மெசின்.
பில்லைப் பார்த்து ஏசுவா,
ஏசி முடிய ஒரு கிளாஸ் நன்னாரி.
போன மாதம் ஏச்சு மட்டும்.

கல்லடியில், கெஸ்ட்ஹவுஸ் வாசலில், ஒரு வெள்ளைக்காரர்:
பாடுமீனை எங்கே நின்று கேட்கலாம்?
பின்னால் நாலு ஏசி உறுமியது.
முதலில் அதை நிற்பாட்டுங்கோ என்று
சொல்ல இங்கிலீசு வரவில்லை.

திராய்மடுவில் எல்லாம் ஒரே அச்சு வீடுகள்.
இலக்கத்தைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது;
கடலோரத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தது
என்று கேட்டுத்தான் வீடு பிடிக்க வேண்டும்.
ஒரு பின்னேரம் கரண்ட் போனது.
கறம் போர்ட் ரோட்டுக்கு வந்தது,
கதிரைகள் வந்தன, கைக்குழந்தை வந்தது,
மறுகா ஒரு சண்டையும் வந்தது.
சில்லு நின்ற நேரத்தில்
தெரு ஓடியது.
அதை எழுதப் புத்தகத்தில் கட்டமில்லை.

ஒஃபிசில் கேட்டார்கள்,
எந்தப் பக்கம் உயிர் கூட என்று;
புது ட்ரான்ஸ்போமர் வைக்க வேணுமாம்.
கோட்டமுனை என்று எழுதிக் கொடுத்தேன்.
எழுதிய கை அரை மனதோடு இருந்தது.

இந்த மாதம் மிஸ் ஒலிவுக்கு முப்பத்தொரு யூனிட்.
"ஆராவது வந்திருக்கினமோ?"
"ஒருத்தரும் இல்ல. வாசல் லைட்ட விடிய விடியப் போட்டு விடுறன்.
இஞ்சாலயும் ஆள் இருக்கெண்டு
அக்கரைக்குத் தெரியட்டும்."

நேற்று இரவு பாலத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன்.
தெரிந்தது.