இரண்டு கைதட்டல்

குருநகர். மேல்மாடி அறை. கீழே ஐஸ் லொறி.
ஃபானை நிப்பாட்டி, வைஃபையை அணைச்சு
பஃபரை அறுபத்து நாலிலையிருந்து
ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏத்தினாப் பிறகுதான்
நிரோசினியின்ரை பாட்டிலை
'கடல்' திரும்பி வந்தது.
அதுவரைக்கும், பாவம்,
கொம்பியூட்டருக்குள்ளை 'டல்' எண்டுதான் பாடிக்கொண்டிருந்தாள்.

மற்றக் கோளாறு அப்பிடியில்லை.
முதல் நிமிசம் எல்லாம் ஒண்டாய் இருக்கும்.
ஏழாவதிலை ட்றம்ஸ் நொண்டும்.
"இழுக்கிறாய்" எண்டம் யூட் அன்ரனிக்கு.
மூண்டு கிழமை. மூண்டு பேரும்.
வாசிக்கேக்கை ஒருத்தருக்கும் பிழை கேட்கேல்லை,
எண்டாலும் சொன்னம்.
அவன் எதிர்த்துக் கதைக்கேல்லை.
கஸ்தூரியார் வீதியிலை மெட்ரோனோம் ஒண்டு வாங்கினான்.

நேற்று, தனிய இருந்த நேரம்,
ரெண்டு பெட்டியையும் ஓடவிட்டு
ஒருக்கால் கைதட்டினன்.
ஏழு நிமிசம் சும்மா இருந்தன்
(ஐஸ் உடைக்கிற சத்தம், ஒரு ஓட்டோ,
என்ரை மூச்சு)
பிறகு திரும்பத் தட்டினன்.

திரையிலை முதல் தட்டல்
ஒண்டுக்கு மேலை ஒண்டு.
ரெண்டாவது
ரெண்டு பேர் தட்டின மாதிரி.
நாற்பது மில்லிசெக்கன்.

பெட்டிக்கொரு மணிக்கூடு.
தான்தான் சரியெண்டு ரெண்டும் ஓடுது.

அவன்ரை தடத்தை ஒரு மயிரிழை நெருக்கினன்.
ஒரு அடிகூடத் தவறேல்லை,
கடைசிச் சிம்பல் வரைக்கும்.

ஃபோன் எடுத்தன்.
அந்தப் பக்கம் டக், டக், டக்.
"கேக்குதே அக்கா?
இப்ப இழுக்கேல்லை, என்ன?"