நாயைத் தேடி வந்தவன்

ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கம்
நர்ஸ் எழுதித் தந்தாள்:
செவ்வாய், ஏழரை, புனித அன்னாள் கோயில்,
கீழ்த்தளம், பக்கவாட்டுக் கதவு.
'பக்கவாட்டு' என்ற சொல்லுக்கு அடியில்
இரண்டு கோடு.

மூன்று செவ்வாய் அந்தத் தாள்
கோட்டுப் பையில் என்னோடு வேலைக்கு வந்தது.
மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டி அள்ளியது.
மடிப்பில் 'ஏழரை' கிழியத் தொடங்கியது.

நான்காம் செவ்வாய் நடந்தேன்.
லைசென்ஸ் போனதிலிருந்து எங்கும் நடைதான்.
நோவா ஸ்கோஷியாவின் பிப்ரவரிக் காற்று
கடலிலிருந்து நேரே வந்து
காதைப் பிடித்துத் திருகும்.

கோயிலை விற்றுவிட்டிருந்தார்கள்.
ஜன்னல் கண்ணாடியில் சம்மனசுகள் அப்படியே நிற்க
உள்ளே யாரோ எடை தூக்கினார்கள்.
பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன்.
வியர்வையோடு ஒரு பையன்: "மெம்பரா?"
"இல்லை" என்றேன். இன்னும் எதிலும் இல்லை.

யாரிடம் கேட்பது?
நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில்
கேட்ட கேள்வி நமக்கு முன்னால் வீடு போய்ச் சேரும்.
கால் தானாக
தனக்குத் தெரிந்த கடைக்குப் போனது.

அங்கே கதகதப்பு.
கை மூன்றாம் தட்டிலிருந்து, பாராமலே, எடுத்தது.
பணத்துக்குப் பையைத் துழாவ, தாள் வந்தது.
கல்லாவில் இருந்த ரோவீனா
தலைகீழாகவே அதைப் படித்தாள்.
"அங்க இப்ப நடக்கறதில்ல. ஹாக்கி அரங்கத்துக்குப் பின்னால,
குப்பைத் தொட்டிப் பக்கம். எங்கம்மா போறாங்க,
பதினோரு வருஷமா."
பிறகு, விலை சொல்கிற அதே குரலில்,
"இத இங்கயே வைக்கிறேன். ஒன்பதுக்குத்தான் அடைப்போம்."
ரசீதுச் சுருளுக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தாள்,
யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் போல.

குப்பைத் தொட்டிப் பக்கம் ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார்.
கையுறையில் ஓட்டை. ஓட்டை வழியே சிகரெட்.
"என்ன தேடுற?"
"நாய்" என்றேன்.
ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவுதான் வந்தது.
"என்ன நிறம்?"
"பழுப்பு."
"பேரு?"
காற்று வீசியது, நல்லவேளை, பலமாக.
"உள்ள போயிருக்கும்" என்றார்.
"உள்ளதான் ஹீட்டர்."
கதவைத் தோளால் தள்ளிப் பிடித்திருந்தார்
நான் நுழையும் வரை.
அதற்குக் கொஞ்ச நேரமாயிற்று.

ஒன்பது பேர். மடக்கு நாற்காலிகள்.
கரண்டி நட்டால் நிற்கும் காபி.
சுவருக்கு அப்பால் பையன்கள் ஆட
ரப்பர் வட்டு மோதும்போதெல்லாம்
பேசுகிறவர் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.
ரோவீனாவின் அதே நாடியோடு ஒருத்தி
மகன் கல்யாணத்தில் தான் செய்ததைச் சொன்னாள்.
கேக் சரிந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்,
அவளும்.
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

என் முறை.
எழுந்தேன். எழ வேண்டியதில்லையாம்.
"லார்ன்" என்றேன்.
வேறெதுவும் தயாராக இல்லை.
"என்கிட்ட நாய் இல்ல."

வட்டு மோதியது.
"வா, லார்ன்" என்றார்கள்.

எட்டரைக்கு நாற்காலிகளை அடுக்கினோம்.
கணக்கு எனக்குத் தெரியும்:
இன்னும் அரை மணி,
கடைக்குப் பத்து நிமிட நடை,
ரசீதுச் சுருள், அதன் பக்கத்தில்.
புகைத்தவர், மர்டாக் அவர் பெயர்,
தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார்.
"வா, உன் நாயைத் தேடலாம்."

தேடினோம்.
துறைமுகத் தெரு, பள்ளிக்கூடத் தெரு,
பனி மூடிய படகுகளுக்கு அடியில் டார்ச் அடித்து.
அவர் விசிலடித்தார். பல் போன சந்தில்
பாதி விசில் வெறும் காற்றானது.
பெயர் இல்லாததால் நான்
"ஏய், ஏய்" என்று கூப்பிட்டேன்.
எந்த வீட்டிலோ ஒரு நாய், நிஜ நாய்,
பதில் கொடுத்தது.
"அது இல்ல" என்றார் மர்டாக்.

மேட்டில் ஏறி நின்றபோது
கீழே கடையின் சிவப்பு விளக்கு அணைந்தது.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"இன்னிக்கு அகப்படாது" என்றார்.
"நாளைக்கு எந்தப் பக்கம் ஓடுமோ."