அரைப்பேர்

நுவரெலியாவில் மூன்றரை மணிக்கு
எதிர்க் கோல்கம்பம் காணாமல் போகும்.
அதற்குப் பிறகு நான் கோச் இல்லை,
வெறும் காது.

பதினேழு பேர் பனிக்குள் ஓடுகிறார்கள்.
சேற்றிலிருந்து பூட்ஸ் பிடுங்கும் சத்தம்.
குதிரைச் சாணத்தில் யாரோ வழுக்கும் சத்தம்
(ஓய்வு பெற்ற ரேஸ் குதிரைகள்
இங்குதான் மேய்கின்றன.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை).
விலாவில் தோள் இறங்குகிறது.
"அம்மா" என்றால் சரண்ராஜ்.
"அம்மே" என்றால் திலின.
சத்தமே இல்லையென்றால் ரிஃப்கான்,
அவனுக்குத்தான் நிஜமாகப் பட்டிருக்கும்.
மருந்துப் பெட்டியோடு நொண்டி நொண்டி ஓடுவேன்.

என் வலது முழங்காலில் பாதி
சிட்னியிலிருந்து ஏழு மணித்தியாலம் தள்ளி
ஒரு கோதுமை ஊரில் கிடக்கிறது.
அந்த ஊரின் பெயர் கடைசிவரை
என் வாயில் சரியாக வரவில்லை.
வென்றால் நானூறு டொலர், தோற்றால் இருநூறு.
வாரநாளில் இறைச்சி ஆலை:
கொக்கியில் தொங்கும் ஆடுகளைத்
தோளால் தள்ளிக் குளிரறைக்குள் விடவேண்டும்.
சனிக்கிழமை மட்டும்
திருப்பித் தள்ளுகிற உடம்புகள்.
மருதவீரன் அவர்கள் நாக்கில் நிற்கவில்லை,
மார்வின் ஆக்கிவிட்டார்கள்.
ஆறு சீசன் மார்வின் விழுந்தான்.
எழுந்தது நான்.

லீக் ஆட்டத்தில் அதுதான் சட்டம்.
விழுந்தவன் எழுந்து
பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும்.
ஆறு தடவை பிடிபடலாம்.
ஆறாவதோடு பந்து அடுத்தவனுக்கு,
நீ எவ்வளவு ஒழுங்காக விழுந்திருந்தாலும்.

வெள்ளி இரவு, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே வாடகை அறையில்
பட்டியல் எழுதினேன்.
பிளேன்டீ ஆறியது. எட்டாம் இலக்கத்தில் பேனா நின்றது.
சரண்ராஜ் இரண்டு பயிற்சிக்கு வரவில்லை.
கட்டுநாயக்காவுக்கு வேன் ஹயர்,
தங்கச்சியின் டியூஷன் காசு, எல்லாம் தெரியும்.
தெரிந்துகொண்டே
பதினான்காம் இலக்கத்தில் போட்டேன்:
பெஞ்ச், கடைசி இருபது நிமிடம்.

காலையில் தாளைப் பார்த்தான்.
கோபப்படவில்லை. சிரித்தான்.
"எனக்கு அரைப்பேரா சேர்?"

ஹோல்புரூக் தராசில்
பதினெட்டுக் கிலோவுக்கு ஒன்றரை குறைந்த அன்று
அம்மாவின் நாளைப் பாதியாய் வெட்டிய கணக்கப்பிள்ளைக்கு
நல்ல கையெழுத்து.
லயம் வந்து சேரும்வரை
அந்தக் கை அழுகிப்போகச் சபித்துக்கொண்டு வந்தாள்.
எனக்கும் நல்ல கையெழுத்து என்று
அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

பத்தொன்பது வருஷம் என்னை இடித்தவர்களில்
சமோவாக்காரன் ஒருவன் நூற்றிருபது கிலோ.
அவன்கூட முன்னால் வந்துதான் இடித்தான்.

ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம்.
பனி பக்கக்கோடுவரை வந்துவிட்டது.
இருபது நிமிடம் இருக்க அவனை இறக்கினேன்.
உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பவில்லை, அது நல்லது.
பிறகு நடுவரின் எண்ணிக்கை மட்டும்:
மூன்று. நான்கு.
"அம்மா" வருமென்று காது கொடுத்து நின்றேன்.
ஐந்து.
வரவில்லை.
விசில்.
அந்தப் பக்கம் கொஞ்சப் பேர் கத்தினார்கள்,
எங்கள் ஆட்களா கண்டிக்காரர்களா
அதுவும் தெரியவில்லை.

மேசைக்காரர் நனைந்த கொப்பியைத் திறந்து வைத்து
என்னிடம் கேட்டார்:
"ட்ரை யாருடையது? யார் பேரைப் போட?"

பனிக்குள்ளிருந்து மூன்று பேர் வருகிறார்கள்.
நெஞ்சிலிருந்து முழங்கால்வரை ஒரே சேறு,
இலக்கம் தெரியவில்லை.
ஆளையாள் கை காட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பேனையை மூடாதீங்க, என்றேன்.