நூற்று நாற்பது இருக்கைகள்

முதல் வாரம் கற்றது:
ஒரு நாற்காலிக்கு ஒரு கால் நொண்டி என்றால்
வெள்ளை உறையைப் போர்த்து.
போர்த்தியும் ஆடினால்
தூணுக்குப் பின்னால் தள்ளு.
அங்கேயும் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்றால்
முன்னால் ஒரு பூந்தொட்டி வை.

அழகர்கோயில் சாலை விடுதியில் எனக்குக் கிடைத்தவை
கக்கத்தில் பிடிக்கும் கருப்புக் கோட்,
பாதிப் பேச்சை விழுங்கும் வாக்கிடாக்கி,
'ஜெனோவா – விழாப் பிரிவு – பயிற்சி'
என்றொரு பித்தளைப் பட்டை.

இரண்டாம் வாரம் எண்கள்.
நூற்றைம்பது பேர் என்று
காளவாசல் சீட்டுக் கம்பெனிக்காரர் சொன்னால்
இருநூறுக்கு இலை போடு.
கண் மருத்துவர்கள் சொன்னால் எண்பது,
அதில் பாதி சாப்பாட்டுக்கு மட்டும்.
கல்யாண வீட்டார் எண்ணே சொல்வதில்லை.
"நம்ம ஆளுகதாம்மா."
அதுவும் ஓர் எண்தான்.
அதற்குச் சாம்பார் வைக்க
சமையற்கட்டில் பீர்முகமது ஒருவருக்குத்தான் தெரியும்.

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில்
கோரிப்பாளையத்தில் கார் நிற்கும்,
காருக்குள் பேச்சாளர் நிற்காமல் பேசுவார், போனில்.
நிகழ்ச்சி நிரலில் இதை எழுத முடியாது.
'தேநீர் இடைவேளை' என்று எழுதி
நீட்டத் தெரிய வேண்டும்,
பரோட்டா மாவை நீட்டுகிற மாதிரி, கிழியாமல்.

ஆடியில் கல்யாணம் இல்லை.
மண்டபத்துக்கு பம்ப்செட் முகவர்கள் வந்தார்கள்.
நூற்று நாற்பது பெயர் அட்டை, நீல நாடா.
ஊர்வாரியாக நானே அடுக்கினேன்:
ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர்.
பத்தரைக்கு மேசையில் பதினேழு பெயர்கள்.
பதினொன்றுக்கு அள்ளி உறையில் போடு
என்பது விதி.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஓர் அம்மா வந்தார்.
தோளில் இதே கம்பெனி
போன வருஷம் கொடுத்த பை.
விரலை வைத்தார்:
பேச்சிமுத்து, பேரையூர்.

"சார் வரலையாம்மா?"

"பங்குனியில போயிட்டாரு.
கடை இருக்கு."

என் தாளில்
சைவம், அசைவம், சர்க்கரை இல்லாத காபி,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
பிரிண்டர் கீழ்த்தளத்தில், மை தீர்ந்து கிடந்தது.
அந்தப் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.
"அது இருக்கட்டும். பின்னாடி எழுதுங்க.
பஞ்சவர்ணம்."

எழுதினேன். மாட்டிக்கொண்டார்.
நாடாவில் தொங்கும் அட்டை
ஒரு முகமாக நிற்காது.
ஏசிக் காற்றுக்குத் திரும்பித் திரும்பி
ஒரு சமயம் அவர், ஒரு சமயம் இவர்
உள்ளே போனார்கள்.

மூன்றாம் வரிசை காலியாக இருந்தும்
தூணுக்குப் பின்னால்தான் போனார்.
தொட்டியைக் காலால் ஒதுக்கினார்.
நாற்காலி ஆடியது. எழுந்து,
நிகழ்ச்சி நிரலை எட்டாக மடித்து
நொண்டிக் காலுக்கு அடியில் கொடுத்தார்.

விற்பனை மேலாளர் புதுத் திட்டத்தைத் திரையில் ஓடவிட்டு
"கேள்வி உண்டா?" என்றார்,
உண்டு என்று நினைக்காத குரலில்.

"அஞ்சு ஹெச்பிக்கு வாரண்டிய
ஆறு மாசம் ஏன் கொறச்சீங்க?"

எங்கிருந்து என்று தெரியாமல்
எல்லாத் தலையும் திரும்பியது.
கம்பியில்லா மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கோட்டில் ஒரு பொத்தான் தெறித்தது.
தூணுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அதே கேள்வி,
இந்த முறை எட்டு ஸ்பீக்கரில்.
பதில் வரச் சற்று நேரமாயிற்று.
எழுமலைக்காரர் ஒருவர் கை தட்டினார்,
பிறகு உசிலம்பட்டி.

மாலை ஒரு வங்கிக்காரரின் பணி ஓய்வு விழா.
அரங்கை மாற்ற நாற்பது நிமிடம்.
உறைகளை உருவும்போது
தூணுக்குப் பின்னால் அந்த மடித்த தாள்
அசையாமல் இருந்தது.
எடுக்காதே என்று தவசியிடம் சொன்னேன்.
தாளில் எழுதினேன்:
நாற்காலி நூற்று நாற்பது, பழுது இல்லை.
உறையில் பெயர்கள் பதினாறு.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது:
"ஜெனோவா, ஜெனோவா,
ராத்திரிக்குத் தயிர் எத்தனை லிட்டர்?"