ஐந்து நாற்பது

நான் சாரதி இல்லை.
அட்டன் டிப்போவில் நேரம் குறிப்பவன்.
எந்தப் பஸ்ஸுக்கு யார் என்று
பென்சிலால் எழுதுவேன்.
பென்சிலால்தான்.
விடிகாலை மூன்றுக்குத் தொலைபேசி அடித்தால்
அழிக்க வேண்டியிருக்கும்.

நெவில் கட்டாருக்குப் போனான்.
ஆனந்தசிவம் ருமேனியாவுக்கு.
அங்கும் பனிதானாம், அண்ணே,
சம்பளம்தான் வேறே என்று
லொறிக்கு முன்னால் நின்று படம் அனுப்பியிருந்தான்.
றம்ஸீன் சொல்லாமலே போனான்.
அவனுடைய தேநீர்க் கோப்பை
இன்னும் என் மேசையில்தான்.

பொகவந்தலாவை ஐந்து நாற்பதுக்கு
பஸ் இருந்தது, டயர் இருந்தது,
டீசல்கூட இருந்தது.
ஒலிபெருக்கியை எடுத்து
இன்று ஓடாது என்பேன்.
நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை.
வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள்
சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு
டிக்கோயாப் பக்கம் நடப்பார்கள்.

பிறகுதான் ஒப்பந்தம் வந்தது.
ஒரு பதாகையில் இரண்டு இலச்சினை:
இடப்பக்கம் அரசு, வலப்பக்கம் லொறிக் கம்பனி.
நடுவில் 'திரன் விருத்தி' என்று
எழுத்துப் பிழையோடு தமிழ்.
அரசு கொடுத்தது இரண்டு பழைய பஸ்,
கழுவும் முற்றத்துக்குப் பின்னால் ஒரு சரிவு,
அனுமதிப்பத்திரம்.
கம்பனி டீசலும் மத்தியானச் சோறும்
ஆறு வாரக் கூலியும்.
அவர்களுக்குத் தேயிலைப் பெட்டியைக்
கொழும்புக்கு இறக்க ஆள் வேண்டும்,
எங்களுக்கு மனிதரை ஏற்ற.
பத்துப் பேர் உங்களுக்கு, பத்து எங்களுக்கு என்று
கைகுலுக்கிப் பங்கு பிரித்தபோது
ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்கவில்லை.

கமலவேணி வந்தாள்.
கொழுந்து லொறியில் நிறுவை எழுதியவள்,
முப்பத்து நான்கு வயது.
மிதிக்குக் கால் எட்டவில்லை.
அடுத்த நாள் ஒரு படங்கைக் கொண்டுவந்து
நாலாய் மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.
மலையில் இடுப்பைச் சுற்றிக் கிடந்தது
இங்கே அவளை முன்னால் தள்ளியது.

சரிவில் நிறுத்திய பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அடியில்
விஜேபால ஒரு நெருப்புப் பெட்டி வைப்பான்.
ஏறும்போது அது நசுங்கக் கூடாது.
அவளைவிட ஒன்பது வயது இளையவன்,
"மெதுவா அக்கா, மெதுவா" என்ற ஒரே தமிழில்
முழுப் பாடத்தையும் நடத்தினான்.
முதல் நாள் பதினொரு பெட்டி பொடியானது.
அது யார் கணக்கில் என்று கேட்டு
அமைச்சுக்கு நானே கடிதம் எழுதினேன்,
கம்பனிக்கு ஒரு பிரதி.
பதில் இன்னும் வரவில்லை.

இருபது பேரில் பதின்மூன்று பேர் தேறினார்கள்.
சம்பளத்தைக் காட்டி எட்டுப் பேரைக் கம்பனி அள்ளியது.
எங்களுக்கு ஐந்து.
ஏழாம் பிரிவில் எல்லோரும் கையொப்பமிட்டார்கள்:
மூன்று வருடம் நாட்டை விட்டுப் போவதில்லை.
கமலவேணி அதை இரண்டு தரம் வாசித்து,
"நாலாம் வருடம் போகலாமா?" என்றாள்.
போகலாம் என்றார் அதிகாரி.
நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை.
காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வளைவுகளில்
கண்ணாடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத மூடுபனி.
எல்லா வளைவிலும் ஹோர்ன் அடித்து,
எதிரே வந்த லொறிக்காகப் பின்னுக்கு எடுத்து,
பதினேழு நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தாள்.

என் ஜன்னலுக்கு ஆறு பேர் வந்து திட்டினார்கள்.
ஒருவர் மேசையில் அடித்தார்,
றம்ஸீனின் கோப்பை உருண்டது.
இது பஸ்ஸா, தேரா?
இப்படி ஓட்டினால் எப்போது போய்ச் சேர?

பேனாவை எடுத்து
முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.
பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு
முதல் முறைப்பாடு.
ஓடாத பஸ்ஸை
யாரும் திட்டியதேயில்லை.