நின்ற இடத்தில் ஓடிய வண்டி

சனிக்கிழமை காலை, ஊத்தான் மெலிந்தாங்.
செம்பனை லோரிகள் ஆலைக்கு வரிசை பிடிக்கும் நேரம்.
கிருபாகரனின் சத்ரியா இருமிக்கொண்டே வந்து
என் பெங்கேல் வாசலில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான்.
வந்ததும் பெண்டாட்டி முகத்துக்கு முன்னால்
பானெட்டைத் திறப்பான் என்று கடையில் சொல்வார்கள்.
நான் பார்த்ததில்லை.

"மூவாயிரத்துக்கு மேல ஏறமாட்டேங்குது பாஸ்.
இன்ஜெக்டரா இருக்கும், இல்லாட்டி ஈசியூ.
அதோட எவனோ பெட்ரோல் திருடுறான்.
ஃபுல் டேங்க் அடிச்சிட்டுப் போனேன், வந்து பார்த்தா பாதி.
கேமரா மாட்டப்போறேன்."

ஆறட்டும் என்றேன்.
சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரை
ப்ளக்கோடு சேர்ந்து வந்துவிடும்.
அவன் கோப்பி ஓ குடிக்கப் போனான்.

ஒன்று, கறுப்பு.
இரண்டு, கறுப்பு.
மூன்று, கறுப்பு, கூடவே கொஞ்சம் பிசுக்கு.
நான்கும் கறுப்பு.
விரலில் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது.
எண்ணெய் என்றால் பளபளக்கும், வழுக்கும்.
இது உலர்ந்த கரி;
எரிந்து முடிக்க விடாத பெட்ரோலின் பாக்கி.

எட்டாம் எண் ப்ளக். செப்பாங்கில் ஓட்ட அவன் போட்டது.
ப்ளக்குக்கு எண் ஏற ஏறக் குளிர்ச்சி.
விரட்டி ஓட்டினால்தான் முனை சிவந்து
தன் அழுக்கைத் தானே சுட்டுத் தள்ளும்.
நின்ற வண்டியில் அந்தச் சூடு ஏது?

நின்ற வண்டி.
மீட்டரைப் பார்த்தேன். போன சர்வீஸ் ஸ்டிக்கரையும் பார்த்தேன்.
இரண்டு மாதம், நான்கு கிலோமீட்டர்.
அவன் வீட்டிலிருந்து என் கடைக்கு அதுதான் தூரம்.
ஏர்கான் குமிழ் கடைசி எண்ணில்.
கியர் கம்புக்குப் பக்கத்துக் குழியில்
கச்சாங் பூத்தே தாள், ஒரு கொண்டை ஊசி,
பாதி எழுதிய குறுக்கெழுத்துக் கட்டம்.

மூன்று அறை வீடு அது. மாமியார், இரண்டு கொழுந்தன்,
ஓயாத தொலைக்காட்சி.
உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக் கதவுள்ள ஒரே அறை
போர்ச்சில் நான்கு சக்கரத்தில் நின்றிருக்கிறது.
தினமும் இருபது நிமிடம். அரை மணி.
யாரும் எதையும் திருடவில்லை.

ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கேமராவெல்லாம் வேணாம்.
குளிர் ப்ளக், கரி பிடிச்சிருக்கு,
அதான் பெட்ரோல் தின்னுது" என்றேன்.
முக்கால் உண்மை. மீதிக்கு நான் கூலி வாங்கவில்லை.
ஆறாம் எண் நான்கு போட்டேன்,
இடைவெளி பூஜ்யம் புள்ளி எட்டு.

"ஆனா ஒண்ணு, சாவிய வீட்லயே வச்சிட்டுப் போ.
வாரம் ரெண்டு தடவ யாராவது ஓட்டணும்.
நிக்கிற இடத்துல இல்ல, ரோட்டுல.
ஆத்தங்கரை வரைக்கும், எண்பதுக்குக் குறையாம."

"யாரு ஓட்டுறது? அம்சாவுக்கு லைசென்ஸ் இருக்கு,
ஆனா காருன்னா பயம்."

"கேட்டுப் பாரு" என்றேன்.
கேட்டானா, தெரியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வண்டி மறுபடி வந்தது.
இந்த முறை இருமல் இல்லை.
மட்கார்டுக்கு உள்ளே செம்மண்,
தோட்டத்துப் பின்வழி மண்.
ஸீட் இரண்டு பல் முன்னால் தள்ளியிருந்தது.
மீட்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டு கூடியிருந்தது.
"நல்லா இழுக்குது பாஸ், ஆனா டயரு ஏன் தேயுது?"
என்று கேட்டான் கிருபாகரன்.

ப்ளக்குகளைத் துணியில் வரிசையாக வைத்தேன்.
ஒன்று, இரண்டு, நான்கு:
தே தாரிக் நிறம்.

மூன்று மட்டும் இன்னும் கறுப்பு.
அது வேறு கதை, வால்வ் சீல்.
அதற்குத் தலையைக் கழற்ற வேண்டியிருக்கும்.