அதே பதில்

மூன்று ரசீதுகளையும் மேசைமேல் விரித்தார்
மால்டாவிலிருந்து வந்த பரிமள் சர்க்கார்.
பதினொன்று நாற்பத்திரண்டு, ஏழாவது நொடி.
பதினொன்று நாற்பத்திரண்டு, எட்டாவது நொடி.
மறுபடி எட்டாவது நொடி.
மும்முறை அறுநூற்றைம்பது ரூபாய்,
மூன்று டோக்கன்,
ஒரே ஒரு சிறுநீரகக் கல்லுக்கு.

"ஏன் மூணு தரம் அழுத்துனீங்க?"
ஞானசிகாமணி சார் தமிழில் கேட்டதை
லாட்ஜ் பையன் இந்தியில் கேட்டான்.
வங்காளத்தில் வந்த பதிலுக்கு
ஆள் தேவைப்படவில்லை.
விரலால் காற்றில் ஒரு வட்டம்,
இன்னொரு வட்டம்,
பிறகு விரித்த உள்ளங்கை.

அந்த வட்டத்தைச் சுழல விட்டவள் நான்.
ஆற்காடு ரோட்டில்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மாடியில்
கத்திரி வெயிலுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
படிவம் எழுதினேன்.
அனுப்பு என்று ஒரு பச்சைப் பொத்தான் வைத்தேன்.
அழுத்தியவருக்கு என்ன சொல்வதென்று
யோசிக்கவே இல்லை.
பதில் வராத கதவை
யாரும் ஒரு தடவையோடு விடமாட்டார்கள்.

முதலில் பொத்தானை உறங்க வைத்தேன்.
ஒரு தொடுகைக்குப் பின் சாம்பல் நிறம்,
"அனுப்புகிறோம், பொறுங்கள்".
வங்காள வரியை லாட்ஜ் பையனே எழுதித் தந்தான்.
ஆனால் தோட்டப்பாளையத்து லாட்ஜ்களில்
மாடிப்படி திரும்பும் இடத்தில் மட்டும்தான் சிக்னல்.
அங்கே நின்று கட்டைவிரலால் திரையை இழுத்துவிட,
பக்கம் திடுக்கிட்டு விழித்து
சொன்னதையே திரும்பச் சொன்னது.

அடுத்து, சட்டம் போட்டேன்.
பெயர், வயது, தொலைபேசி, தேதி
நான்கும் ஒன்றென்றால் ஆளும் ஒன்று;
இரண்டாவதைத் தள்ளு.
ஒன்பது நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள்
ரொகேயா பீபி, முப்பத்து நான்கு.
ரொகேயா பீபி, முப்பத்து நான்கு.
ஒருத்தி முர்ஷிதாபாத், ஒருத்தி துப்ரி.
இருவரும் கொடுத்தது
லாட்ஜ் மேனேஜரின் எண்ணை.
முந்தியவள் ரத்தம் கொடுத்துவிட்டு
இட்லி சாப்பிடப் போய்விட்டாள்.
பிந்தியவள் வெறும் வயிற்றோடு
மதியம் ஒரு மணிவரை வரிசையில்.
"ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றது திரை.
நீதான் வந்துவிட்டாயே என்று சொல்லும் எந்திரத்திடம்
இன்னும் வரவில்லை என்று
எப்படி வாதாடுவாள்?
வாதாடவில்லை. உட்கார்ந்திருந்தாள்.
தாஜுன்னிசா அக்காதான் கண்டுபிடித்து
டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து
நாளைக்கு வரச் சொன்னாள்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
டீக்கான பதினைந்து ரூபாயை மட்டும்
என் மேசையில் வந்து கேட்டாள்.

எதிரொலியையும் இரட்டையரையும்
ஒரே கம்பால் விரட்டியிருக்கிறேன்.

அன்றிரவு ஆளைக் கேட்பதை நிறுத்தினேன்.
ஒவ்வொரு வெற்றுப் படிவமும் திறக்கும்போதே
அதன் ஓரமடிப்பில் ஒரு சீட்டைத் தைத்தேன்,
உலகத்தில் வேறெதிலும் இல்லாத எண்.
வந்து சேர்ந்ததும் கிழித்துக் கோத்துவை.
அதே சீட்டு மறுபடி வந்தால்
அதட்டாதே, பணம் பிடிக்காதே,
வேறு எண் கொடுக்காதே.
முதலில் என்ன சொன்னாயோ
அதையே சொல்.

இதற்குள் பரிமள் சர்க்கார் போய்விட்டார்.
ஆயிரத்து முந்நூறு திரும்பிச் சேர
ஏழு வேலை நாள்;
காட்பாடியில் அவர் ரயில் ஐந்தாம் நாள்.
வந்து சேர்ந்ததா என்று கேட்கலாமென்றால்
அவர் எண்ணும் மேனேஜருடையது.

நேற்று பதிவேட்டைப் பார்த்தேன்.
பின்னிரவு இரண்டு பத்துக்கு ஒரு சீட்டு.
எண்பத்தாறு என்று பதில்.
இரண்டு பதினொன்றுக்கு அதே சீட்டு.
எண்பத்தாறு.
மறுபடி. எண்பத்தாறு.
மறுபடி. எண்பத்தாறு.
ஐந்தாவது முறை வரவில்லை.
நம்பிக்கை வந்ததா,
சார்ஜ் தீர்ந்ததா,
வலி கொஞ்சம் விட்டதா,
அதையெல்லாம் சேமிக்க
நான் கட்டம் எதுவும் போடவில்லை.